எழுதாமல் விட்ட வரிகள்: கல்லிடைக்குறிச்சி அப்பளக் குடும்பம் ஒன்று எல்.எல்.பி. ஆன கதை

2025 மாசியில் ஒரு திங்கட்கிழமை, கல்லிடைக்குறிச்சியிலிருந்து இரண்டு சகோதரர்கள் பாளையங்கோட்டையிலுள்ள என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார்கள். மூத்தவர் அறுபதைத் தொட்டவர். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். தம்பி அதிகம் பேசாதவர். அவர் மேசைமேல் எடுத்து வைத்தது, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த இரண்டு பக்கக் கூட்டு வியாபாரப் பத்திரம். 1998-ல் தகப்பனார் இறந்த அடுத்த மாதம் எழுதியது. தொழில்: அப்பளம், வடகம், பொடி வகைகள். லாப நஷ்டம் சரிபாதி. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இரண்டாம் பக்கத்தில் பாதியைச் சாட்சிகளின் கையெழுத்தே பிடித்துக்கொண்டிருந்தது.

இருபத்தேழு வருடம் அந்த இரண்டு பக்கம் போதுமானதாக இருந்திருக்கிறது. இப்போது வந்ததற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒருவரின் கூட்டு வியாபாரம் கடனில் முழுகி, அந்தக் கடனுக்குக் கையெழுத்தே போடாத கூட்டாளியின் வீடு ஜப்திக்கு வந்திருந்தது. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் அப்படித்தான். அதன் 25-ஆம் பிரிவின்படி, கூட்டாளியாக இருந்த காலத்தில் நிறுவனம் செய்த எல்லாவற்றுக்கும் ஒவ்வொருவரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. அடுத்த காரணம் நல்ல சேதி. பெங்களூரில் மென்பொருள் வேலையிலிருக்கும் தங்கை மகன், பன்னிரண்டு லட்சம் போட்டுத் தொழிலில் சேர விரும்பினான். வளைகுடாவுக்குச் சரக்கு அனுப்ப வழி செய்வதாகவும் சொன்னான். ஆனால், "பெரிய மாமா, லிமிடெட் ஆக்கினால்தான் பணம் போடுவேன்" என்று நிபந்தனையும் வைத்துவிட்டான். நான் சொன்ன வழி எல்.எல்.பி., அதாவது கூட்டாளிகளின் பொறுப்புக்குச் சட்டம் எல்லை போட்ட கூட்டு நிறுவனம் (Limited Liability Partnership).

அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடும்பத்தார் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

எந்த உருவம்

நெல்லைச் சீமைக்குப் பங்கு போட்டுக் கம்பெனி தொடங்குவது புதிதல்ல. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி, தலைக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், 10 லட்சம் மூலதனம் என்று 1906 அக்டோபரில் பதிவானபோது தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாவுக்குள்தான் இருந்தது. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை எழுப்பிய எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயர் இதே கல்லிடைக்குறிச்சிக்காரர். இதைச் சொன்னதும் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை மட்டும் அசையவில்லை. (தங்கை மகனை அவர் மாப்பிள்ளை என்றே சொல்வார், நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.) கைப்பேசியில் மறுமுனையிலிருந்து, "சார், பிரைவேட் லிமிடெட் போதுமே, ஏன் எல்.எல்.பி.?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. இரண்டிலுமே பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும் என்பதுதான் அடிப்படை. பிரைவேட் லிமிடெட்டில் பங்குகளாகப் பிரித்துக் கொடுக்கலாம், பிற்பாடு வெளியாட்களிடம் முதலீடு வாங்குவது சுலபம், வரி விகிதமும் குறைவாக அமைய வழியுண்டு. ஆனால் விற்பனை எவ்வளவு சிறிதானாலும் கணக்குத் தணிக்கை கட்டாயம். இயக்குநர் கூட்டம், பொதுக்கூட்டம், தீர்மானம், குறிப்பேடு என்று வருடம் முழுவதும் காகித வேலை உண்டு. லாபத்துக்குக் கம்பெனி வரி கட்டிய பிறகு, பங்காதாயமாக வீட்டுக்கு எடுத்துப்போகும்போது அதற்கு மறுபடி வரி. எல்.எல்.பி.யில் நிறுவனம் 30 சதவீதமும் கூடுதல் தீர்வையும் கட்டிவிட்டால், கூட்டாளியின் கைக்கு வரும் லாபப் பங்குக்கு வரி கிடையாது. வெளியாள் முதலீடு வேண்டாம், லாபத்தை வருடா வருடம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இருக்கிற குடும்பத்துக்கு எல்.எல்.பி. பொருந்தும் என்பது என் கருத்து.

மாப்பிள்ளை விடவில்லை. "கம்பெனியே வைத்துக்கொள்வோம். பங்கை யாருக்கு விற்கலாம், விற்கக்கூடாது என்பதைக் குடும்பத்துக்குள் தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போயிற்று" என்றான். அங்கேதான் வி.பி. ரங்கராஜ் எதிர் வி.பி. கோபாலகிருஷ்ணன் வழக்கை அவனுக்குச் சொன்னேன். அண்ணன் தம்பி இரு கிளைகள் சரிபாதிப் பங்கு வைத்திருந்த குடும்பக் கம்பெனி. பங்கை விற்பதானால் தன் கிளைக்குள்ளேயே முதலில் கேட்க வேண்டும் என்று 1951-லேயே தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். ஒருவர் மீறி விற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கம்பெனியின் நடைமுறை விதிகளில் (ஆடிட்டர்கள் ஆர்ட்டிகிள்ஸ் என்போம்) எழுதப்படாத கட்டுப்பாடு கம்பெனியையும் பங்குதாரரையும் கட்டாது என்று 1991 இறுதியில் தீர்ப்பு வந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய வாய்ப்பேச்சு நிற்கவில்லை. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்படியானால் எதுவாக இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் உள்ளேயே எழுதிவிடுங்கள்" என்றான். அந்த வாக்கியத்துக்காகவே அவனை எனக்குப் பிடித்தது.

வரையறுத்த பொறுப்பு எதுவரை வரையறுத்தது

எல்.எல்.பி. ஆகிவிட்டால் வீட்டை யாரும் தொட முடியாது என்ற நம்பிக்கையோடு அண்ணாச்சி வந்திருந்தார். அதைப் பாதி உடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச முடிந்தது.

2008-ஆம் ஆண்டின் எல்.எல்.பி. சட்டத்தில் 27, 28-ஆம் பிரிவுகள் கூட்டாளியைக் காப்பது உண்மை. நிறுவனத்தின் கடன் நிறுவனத்தின் சொத்தோடு போகும். ஒரு கூட்டாளியின் தவறு மற்றவர் தலையில் ஏறாது. ஆனால் தன் தவறு தன் தலையில்தான். ஏமாற்றும் நோக்கத்தோடு நடத்தினால் 30-ஆம் பிரிவு எல்லையை எடுத்தே விடுகிறது. இதெல்லாம் அரிதாக வருவது. அன்றாடம் வருவது வேறு. பதினைந்து லட்சம் நடப்புக் கடனுக்கு இரு சகோதரர்களும் வங்கியில் சொந்த ஜாமீன் போட்டிருந்தார்கள். எல்.எல்.பி. ஆனாலும் வங்கி அதே ஜாமீனை மறுபடி கேட்கும், கேட்டது. ஜாமீன் போட்ட தொகைக்கு வரையறுத்த பொறுப்பு வெறும் பெயர்ப்பலகைதான்.

ஜி.எஸ்.டி. சட்டம் இன்னும் கறார். 90-ஆம் பிரிவு கூட்டு நிறுவனத்தின் வரிப் பாக்கிக்குக் கூட்டாளிகளைச் சேர்த்தும் தனித்தும் பொறுப்பாக்குகிறது. 94-ஆம் பிரிவின் விளக்கம், எல்.எல்.பி.யும் அந்த வகையில் கூட்டு நிறுவனமே என்கிறது. "அப்பளத்துக்குத்தான் ஜி.எஸ்.டி. கிடையாதே" என்றார் தம்பி, அன்று முதல் தடவையாக வாயைத் திறந்து. சரிதான், ஆனால் சாம்பார்ப் பொடிக்கு உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்படித்தான். சரக்கில் கலப்படம் என்று வழக்கு வந்தால், 66-ஆம் பிரிவின்படி அப்போது நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் பதில் சொல்ல வேண்டும். அங்கே கதவில் எல்.எல்.பி. என்று எழுதியிருப்பது உதவாது.

"பிறகு எதற்கு இந்தச் செலவு?" என்றார் அண்ணாச்சி. நாளைக்கு வளைகுடா வியாபாரி சரக்கு சரியில்லை என்று நஷ்டஈடு கேட்டால், மூலப்பொருள் கொடுத்தவருக்குப் பாக்கி விழுந்தால், லாரி வாடகை தகராறானால், இதற்கெல்லாம் வீடு பிழைக்கும். அது சின்ன விஷயமல்ல என்றேன். ஒரு வாரம் கழித்துச் சரி என்று சொல்லி அனுப்பினார்.

மாற்றுவதா, புதிதாகத் தொடங்குவதா

இருக்கிற கூட்டு நிறுவனத்தை எல்.எல்.பி.யாக மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் வழி செய்கின்றன. மாற்றினால் சரக்கு, இயந்திரம், பாக்கி வரவு, கடைப்பெயர் எல்லாம் தனிப் பத்திரம் இல்லாமலே புதிய நிறுவனத்துக்கு வந்துவிடும். ஒரு முடிச்சு: பழைய கூட்டாளிகள் அத்தனை பேரும், அவர்கள் மட்டுமே, எல்.எல்.பி.யின் கூட்டாளிகளாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை பழைய பத்திரத்தில் இல்லை. ஆகவே முதலில் சகோதரர் இருவர் பெயரில் மாற்றம், அது முடிந்ததும் துணை ஒப்பந்தத்தால் அவனைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம்.

மாற்றத்துக்கு முன் ஏற்பட்ட கடன்களுக்குச் சகோதரர்களின் சொந்தப் பொறுப்பு தொடரும் என்பதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். பின்னால் "நீங்கள் சொல்லவில்லையே" என்று யாரும் சொல்லக்கூடாது.

மதினியின் நோட்டு

கூட்டாளிகளுக்குள் போடும் எல்.எல்.பி. ஒப்பந்தத்தை எழுதும் வேலைக்காகப் பங்குனியில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். கன்னடியன் கால்வாயைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி வீடு, பின்னால் களம். மாவு பிசையும் இயந்திரம் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் மனைவி வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வந்து போகிற பெண்கள் எல்லாரும் அவரை மதினி என்றார்கள். முப்பத்தெட்டுப் பெண்கள் காலையில் மாவு உருண்டையை எடை போட்டு வாங்கிப்போய், வீட்டில் தேய்த்துக் காயவைத்து மாலையில் அப்பளமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மதினி மடியில் ஒரு நீள நோட்டு. பெயர், வாங்கிய மாவு, கொடுத்த அப்பளம், சேதாரம், கூலி என்று ஐந்து கட்டம். ஒரு பெண் கொண்டுவந்த கட்டிலிருந்து ஓர் அப்பளத்தை உருவி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "இன்னும் ஈரம் இருக்கிறது. நாளைக் காலை வெயில் காட்டிவிட்டுக் கொண்டு வா." அந்தக் கட்டு திரும்பிப் போயிற்று.

உள்ளே உட்கார்ந்து, ஒப்பந்தத்தில் யாருக்கு என்ன வேலை என்று எழுதத் தொடங்கினேன். மாவுக் கலவை யார் பொறுப்பு? உப்பும் அப்பளக்காரமும் யார் அளப்பது? பெண்களுக்குக் கூலி யார் கொடுப்பது? தரம் பார்ப்பது? நான்கு கேள்விக்கும் அண்ணாச்சி ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பினார், வாசல் பக்கமாக.

"அப்படியானால் கூட்டாளி அவர்தானே, அண்ணாச்சி?"

சிரித்தார். "அவள் எதற்கு? அதுதான் நான் இருக்கிறேனே."

தம்பி சிரிக்கவில்லை. "மதினி இல்லாவிட்டால் ஒரு மாதம் தாங்காது" என்றார். கணவன் மனைவி இருவரும் உள்ளே வந்தால் தன் பக்கம் எடை குறையும் என்று தெரிந்தும் அவர்தான் அதைச் சொன்னார். அன்றைக்கு அந்த வீட்டில் நான் கேட்ட மிக நேர்மையான பேச்சு அது.

மதினியிடம் போடப் பணமில்லை. சட்டத்தின் 32-ஆம் பிரிவு இங்கே கைகொடுத்தது. கூட்டாளியின் பங்களிப்பு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செய்த, செய்யப்போகிற சேவைக்கான ஒப்பந்தமும் பங்களிப்பாகும். அதன் பண மதிப்பைத் தகுதியுள்ள கணக்காளர் நிர்ணயிக்க வேண்டும். மூன்று லட்சம் என்று மதிப்பிட்டு வாங்கினோம். சகோதரர்களுக்குத் தலா ஒன்பது, மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு, மதினிக்கு மூன்று. மொத்தம் முப்பத்து மூன்று லட்சம். பங்களிப்பு 25 லட்சத்தையோ விற்பனை 40 லட்சத்தையோ தாண்டினால் எல்.எல்.பி.க்கும் தணிக்கை உண்டு என்பதால், இவர்களுக்கு அது தப்பாது.

முதல் அட்டவணை

மாப்பிள்ளை இணையத்திலிருந்து ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எடுத்து அனுப்பியிருந்தான். பதினெட்டுப் பக்கம், நல்ல ஆங்கிலம். தொழில் மென்பொருள் சேவை என்று இருந்தது. வழக்கு வந்தால் மும்பை நீதிமன்றம். அப்பளத் தகராறுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து மும்பைக்கு ரயிலேற வேண்டும்! மாதிரியைக் குறை சொல்ல முடியாது. அதில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திடுகிற வழக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். எத்தனையோ நிறுவனங்களின் ஒப்பந்தங்களை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

அதைவிட மோசமான பழக்கம், ஒன்றும் எழுதாமல் விடுவது. "எங்களுக்குள் அப்படியெல்லாம் வராது, சும்மா விட்டுவிடுங்கள்" என்பார்கள். எழுதாமல் விட்ட இடம் காலியாக இருக்காது. 23-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் பேசாத இடத்தில் சட்டத்தின் முதல் அட்டவணை பேசும். அதன் வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மூலதனம் எவ்வளவு போட்டாலும் லாப நஷ்டம் சமம். ஒவ்வொருவரும் நிர்வாகத்தில் தலையிடலாம். உழைத்ததற்கு ஊதியம் கிடையாது. தலைக்கு ஒரு ஓட்டு, பெரும்பான்மைப்படி முடிவு. புதிய கூட்டாளியைச் சேர்க்கவும் தொழிலின் தன்மையை மாற்றவும் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். பெரும்பான்மை நினைத்தாலும் ஒருவரை வெளியேற்ற முடியாது. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு.

"இதில் எது உங்கள் எண்ணம்?" என்று கேட்டேன். லாபம் சமம் என்றதும் மாப்பிள்ளையும், ஊதியம் இல்லை என்றதும் அண்ணாச்சியும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நிமிர்வுக்காகத்தான் அட்டவணையை வாசிப்பது.

ஊதியத்துக்கும் வருமான வரிக்கும் முடிச்சு உண்டு. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் செலவாக ஏற்கப்படும். வட்டி 12 சதவீதம் வரை. சம்பளத்துக்குக் கணக்கு லாபத்தில் (கூட்டாளிகளின் சம்பளத்தைக் கழிக்கும் முன்புள்ள லாபம்) முதல் ஆறு லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது மூன்று லட்சம், எது அதிகமோ அது. மீதிக்கு 60 சதவீதம். பத்து லட்சம் லாபம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து லட்சத்து நாற்பதாயிரமும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரமும் சேர்ந்து ஏழு லட்சத்து எண்பதாயிரம். அண்ணாச்சி, மதினி, தம்பி மூவருக்கும் மாதம் இருபதாயிரம் என்றால் வருடத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம், உள்ளே அடங்கிவிட்டது. மாப்பிள்ளை வேலை செய்யாத கூட்டாளி, சம்பளமில்லை. இப்படிக் கூட்டாளிக்குச் சம்பளமாகவும் வட்டியாகவும் கொடுப்பது வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் முதல் வந்துவிட்டதால் அதையும் சேர்த்துச் சொன்னேன். பணமாகப் போட்ட முதலுக்கு மட்டும் 12 சதவீதம் வட்டி. மாப்பிள்ளைக்கு அது வருடம் ஒரு லட்சத்து நாற்பத்து நான்காயிரம். அதற்குப் பிறகு மிஞ்சும் லாபத்தில் சகோதரர்களுக்கு முப்பது முப்பது, மற்ற இருவருக்கும் இருபது இருபது. இந்த விகிதம் அரை மணி நேரத்தில் முடிந்தது. பணத்தை விடக் கையெழுத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

நான்கு பேர், தலைக்கு ஒரு ஓட்டு. கணவன் மனைவி ஒரு பக்கம், தம்பியும் மாப்பிள்ளையும் மறுபக்கம் நின்றால் இரண்டுக்கு இரண்டு. அண்ணாச்சி, "சமமாக வந்தால் மூத்தவன் சொல்வது செல்லும் என்று எழுதுங்கள்" என்றார். தம்பி எதுவும் சொல்லவில்லை. தட்டிலிருந்த அப்பளத்தை உடைத்து உடைத்துத் தூளாக்கிக்கொண்டிருந்தார். நான் அந்த வரியை எழுதவில்லை. மூத்தவர் காலத்துக்குப் பிறகு யார் மூத்தவர் என்று அடுத்த சண்டை தொடங்கும் என்று மட்டும் சொன்னேன். கடைசியில் அன்றாட வேலைகளைத் துறை பிரித்தோம்: உற்பத்தி மதினி, கொள்முதலும் விற்பனையும் அண்ணாச்சி, கணக்கும் வங்கியும் தம்பி. அவரவர் துறையில் அவரவர் முடிவு. காசோலைக்கு வீட்டுக்கு ஒரு கையெழுத்து. அண்ணாச்சி வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று. ஐந்து லட்சத்துக்கு மேல் கடன், பிறருக்கு ஜாமீன், கடைப்பெயரை விற்பது, களத்தின் குத்தகையை மாற்றுவது ஆகியவற்றுக்கு நால்வர் சம்மதமும் வேண்டும். தகராறு வந்தால் வீட்டுக்கு ஒருவராக இருவர் உட்கார்ந்து அறுபது நாளில் பேசிப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் நடுவர், திருநெல்வேலியில். ஒரு பெரியவரின் பெயரை நிரந்தர நடுவராக எழுதச் சொன்னார்கள். அவருக்கு எண்பத்து மூன்று வயது. வேண்டாம் என்றேன்.

களத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது அவர்கள் தாயார் பெயரில் இருந்தது. அதை நிறுவனத்துக்குள் கொண்டுவந்தால் முத்திரைக் கட்டணம் ஒரு பக்கம். நிறுவனம் நொடித்தால் களமும் சேர்ந்து போகும் என்பது மறுபக்கம். ஒன்பது வருடக் குத்தகையாக எழுதி, ஒரு வருடத்துக்கு மேற்பட்டது என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தோம்.

இறப்பைப் பற்றிப் பேசிய நாள்

மூன்று அமர்வுகளிலும் தள்ளித் தள்ளிப் போட்ட பகுதி இது. சித்திரை வெயிலில் நாலாம் அமர்வில் நானே எடுத்தேன். பழைய பத்திரம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் 1932 சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி ஒரு சகோதரர் இறந்த அன்றே கூட்டு நிறுவனம் கலைந்திருக்கும். இருபத்தேழு வருடமும் அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கியது யாருக்கும் தெரியாது.

எல்.எல்.பி. அப்படிக் கலையாது, கூட்டாளி போனாலும் நிறுவனம் நிற்கும். போனவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை 24-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், அவர் போட்ட முதலும், நஷ்டம் கழித்துச் சேர்ந்திருக்கும் லாபத்தில் அவர் பங்கும். அவ்வளவே. அப்பா காலத்திலிருந்து வருகிற கடைப்பெயருக்கு அதில் மதிப்பே இல்லை.

மதினி இதுவரை வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து உட்கார்ந்தார். "இவர் போய்விட்டால் பேரேட்டில் இருக்கிற ஒன்பது லட்சம். கடைப்பெயர் கொழுந்தனுக்கு. அப்படித்தானே?"

"சட்டப்படி அப்படித்தான். நீங்கள் கூட்டாளியாக இருப்பீர்கள் என்பது வேறு."

"சரி, கொழுந்தன் போய்விட்டால்?" தம்பியின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அவர் கூட்டாளி அல்ல. அந்த வீட்டுக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் எதுவும் இல்லை. மதினி அந்தக் கேள்வியைத் தனக்காகக் கேட்டதாக எனக்குப் படவில்லை.

எழுதியது இது. இறந்த கூட்டாளியின் வாரிசுகள் தங்களில் ஒருவரை ஆறு மாதத்துக்குள் கூட்டாளியாக முன்மொழியலாம். மற்றவர்கள் காரணமின்றி மறுக்கக்கூடாது. வேண்டாம் என்றால், முதல், லாபக் கணக்கு, அதோடு கடந்த மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தின் இரு மடங்கில் இறந்தவரின் பங்கு, ஆகிய மூன்றையும் சேர்த்துப் பன்னிரண்டு காலாண்டுத் தவணையில் கொடுக்க வேண்டும். ஒரே தொகையாக என்றால் நிறுவனமே விழுந்துவிடும். இரு மடங்கு என்பதற்குச் சாஸ்திரம் இல்லை. ஒன்றரை என்றார் அண்ணாச்சி, மூன்று என்றார் மாப்பிள்ளை. யார் முதலில் போவார் என்பது தெரியாத நிலையில் பேசுவதால்தான் இந்த எண் நியாயமாக வருகிறது. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு இந்தப் பேச்சை நடத்தவே முடியாது.

தானாக விலகுவதற்கு ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லையென்றால் 30 நாள் அறிவிப்புப் போதும் என்கிறது சட்டம். ஆறு மாதமாக்கினோம், மாசி முதல் வைகாசி வரை, அதாவது அப்பளம் காயும் காலத்தில், விலகல் நடைமுறைக்கு வராது என்றும் சேர்த்தோம். இது மதினியின் வரி. எல்.எல்.பி. சட்டத்தின் 42-ஆம் பிரிவையும் விளக்கினேன்: லாபத்தில் தன் பங்கைக் கூட்டாளி பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் வாங்கியவர் நிர்வாகத்துக்குள் வந்துவிட முடியாது, கணக்கைக் கேட்கவும் முடியாது. மாப்பிள்ளைக்கு நாளை திருமணமானால், வேறு கடன் வந்தால் என்ற பயம் அதில் பாதி தீர்ந்தது.

ஒருவரை வெளியேற்றும் விதியை எழுத அவர்கள் சம்மதிக்கவில்லை. திருட்டு, கள்ளக்கணக்கு நிரூபணமானால் மட்டும் என்று சுருக்கிக் கேட்டுப் பார்த்தேன். "அதை எழுதிவிட்டு அவன் முகத்தில் எப்படி விழிப்பது?" என்றார் அண்ணாச்சி. விட்டுவிட்டேன். அதை விட்டது சரியா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

பதிவு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். டிஜிட்டல் கையெழுத்து, பெயர் ஒதுக்கீடு, கணக்காளர் சான்றளித்த சொத்து கடன் பட்டியல், கடன் கொடுத்தவர்களின் சம்மதக் கடிதம், மாற்றத்துக்கான 17-ஆம் படிவம். எல்லாம் மின்வழி, எங்கள் மாவட்டம் சென்னைப் பதிவாளரின் எல்லைக்குள் வருகிறது. சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? இனிஷியலில். தம்பியின் ஆதாரில் தகப்பனார் பெயர் ஓர் எழுத்து, பான் அட்டையில் முழுப்பெயர், அதுவும் பின்னால். வடக்கத்தி படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. நம்மிடம் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. அதைத் திருத்தவே மூன்று வாரம். ஒப்பந்தத்தில் உயிர் பற்றிய விதியை நான்கு அமர்வில் முடித்தோம், ஓர் எழுத்துக்கு மூன்று வாரம்.

ஆனியில் சான்றிதழ் வந்தது. பழைய கூட்டு நிறுவனப் பதிவாளருக்குப் பதினைந்து நாளுக்குள் 14-ஆம் படிவத்தில் தெரிவித்தோம். ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு முப்பது நாளுக்குள் 3-ஆம் படிவத்தோடு பதிந்தோம். ஆவணியில் மதினியையும் மாப்பிள்ளையையும் சேர்க்கும் துணை ஒப்பந்தம், 4-ஆம் படிவத்துடன். அதிலிருந்து மதினியும் தம்பியும்தான் சட்டம் கேட்கிற நியமிக்கப்பட்ட கூட்டாளிகள், அதாவது நிறுவனத்தின் படிவங்களுக்குப் பொறுப்பானவர்கள். அண்ணாச்சி, "படிவத்தில் கையெழுத்துப் போட என்னால் ஆகாது" என்று ஒதுங்கிக்கொண்டார். பதிவுக்குப் போனது ஆங்கில வடிவம். வீட்டில் இருப்பது நான் வரிக்கு வரி தமிழில் எழுதிக் கொடுத்தது, மதினியின் நீள நோட்டோடு ஒரே அலமாரியில்.

அம்பாசமுத்திரத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்பவர், "இவ்வளவு எழுத்து ஒரு ஸ்டாம்பில் ஏறாது, அண்ணாச்சி" என்றாராம். கடிதத் தாளில் பெயர், முகவரி, பதிவு எண், வரையறுத்த பொறுப்புடன் பதிவானது என்ற வாசகம், போதாததற்கு முன்பு இன்ன பெயரில் கூட்டு நிறுவனமாக இருந்து மாறியது என்று ஒரு வருடத்துக்குத் தனி வாசகம். இரண்டு ஸ்டாம்பாகச் செய்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் அண்ணாச்சியிடமிருந்து தொலைபேசி. வெயிலில்லை, உலர்த்தும் இயந்திரம் வாங்க ஆறு லட்சம் கடன் வேண்டும், மாப்பிள்ளை மூன்று வருடக் கணக்கு போட்டுக் காட்டினால்தான் சம்மதிப்பானாம். "ஐந்து லட்சத்துக்கு எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்று யார் எழுதியது, ஆடிட்டர்?"

"நீங்கள்தான், அண்ணாச்சி."

பத்து நாள் கழித்துத் தம்பி வந்தார். கையில் இரண்டு கடன் விண்ணப்பம், ஒரே வங்கி, ஒரே இயந்திரம், மூன்று லட்சம் ஒன்று, மூன்று லட்சம் இன்னொன்று. அண்ணாச்சியின் யோசனை என்று சொன்னார். மதினி கையெழுத்துப் போட மறுத்துவிட்டதால்தான் என்னிடம் வந்திருக்கிறார். நான் விண்ணப்பங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு புதிய வரியை எழுதத் தொடங்கினேன்: ஒரே நோக்கத்துக்காகப் பன்னிரண்டு மாதத்துக்குள் வாங்கும் கடன்களைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். அதற்கும் நால்வர் கையெழுத்து, முத்திரைத்தாள், முப்பது நாளுக்குள் மறுபடி 3-ஆம் படிவம். தம்பி கேட்டார்: "இதற்கு அண்ணன் கையெழுத்துப் போடுவானா?"